கல்லின் ஊரைக் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் சண்டிலிப்பாயில் கலியாணப் பேச்சுத் தொடங்கினால் நகைப் பேச்சும் கூடவே தொடங்கிவிடும். இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் பவுணோடு வைர மோதிரமும் கேட்கிறார்கள். எத்தனை கரட், என்ன விலை, எந்தக் கடை என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். அந்தக் கல்லை எந்த ஆற்றங்கரையில் யார் எடுத்தார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மோதிரம் வாங்கப் போகும் பேரப்பிள்ளைகளை நான் ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வேன். எட்வர்ட் ஸ்விக் இயக்கி 2006இல் வெளிவந்த 'பிளட் டயமண்ட்'.

சியராலியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போர்தான் களம். சொலமன் வாண்டி என்ற மீனவரைக் கிளர்ச்சிப்படை பிடித்துக்கொண்டுபோய் வைரம் அரிக்க விடுகிறது. தண்ணீருக்குள் நின்று ஆற்றுச் சரளையைச் சல்லடையில் அள்ளிச் சுழற்ற வேண்டும். துப்பாக்கியோடு காவல் நிற்பார்கள். அவருடைய மகனைப் பிடித்து, அவன் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். கடத்தல்காரனாக வரும் லியனார்டோ டிகாப்ரியோவைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். எனக்கு அந்தத் தகப்பன்தான் பெரிது. தன்னையே குறிபார்த்து நிற்கும் பிள்ளையிடம் அவன் பெயரையும் வீட்டையும், தாய் காத்திருப்பதையும் சொல்லிச் சொல்லி அவர் அழைக்கிறார். வன்னியில் பிள்ளையைப் பறிகொடுத்த எந்தப் பெற்றோரும் அதை வேற்று நாட்டுக் கதையாகப் பார்க்க மாட்டார்கள்.

கதை கற்பனைதான். வைரத்தை விற்று ஆயுதம் வாங்கிப் போரை நீட்டியது உண்மை. கிளர்ச்சிப்படைக்குத் துணைநின்ற லைபீரியாவின் முன்னாள் ஜனாதிபதி சார்ல்ஸ் ரெய்லருக்கு 2012இல் 50 வருடச் சிறை விதித்தார்கள்.

எங்கள் மண்ணில் வைரம் இல்லை. பவுண் இருந்தது. 90களின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று விடுதலைப் புலிகள் இயக்கம் கேட்டது. விரும்பிக் கொடுத்தவர்களும் உண்டு, வேறு வழியில்லாமல் கொடுத்தவர்களும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழும்பி நடந்தபோது, என் மனைவி மிச்சமிருந்த கொடியைச் சீலைத் துண்டில் சுற்றி அரிசிப் பையின் அடியில் வைத்துத் தைத்தாள். நாவற்குழிப் பாலத்துச் சன நெரிசலில் அந்தப் பையை அவள் ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. அப்படிக் காப்பாற்றிய நகைகள்தான் பிறகு வீட்டுக்கு வீடு அடைவுக்கும், கொழும்பு லொட்ஜ் வாடகைக்கும், ஏஜென்சிக் காசுக்கும் போயின. வன்னிச் சனம் இயக்கத்தின் வைப்பகங்களில் வைத்த நகைகள் வேறு. போர் முடிந்தபோது இராணுவம் எடுத்த பொன்னில் ஒரு தொகுதியை 2025 மே மாதத்தில்தான் பொலிசாரிடம் கையளித்தார்கள். பதினாறு வருடம்! ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கழுத்து இருந்தது. அந்தக் கழுத்துக்குரியவளிடமோ அவள் பிள்ளைகளிடமோ அது போய்ச் சேர வேண்டும்.

வைரத்துக்கு 2003இல் கிம்பர்லி நடைமுறை வந்தது. பட்டை தீட்டாத கல் நாடு விட்டு நாடு போவதென்றால் அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் போதாது. கிளர்ச்சிக்காரர் போருக்காக விற்கும் வைரத்தை மட்டுமே அது குறிவைக்கிறது. சிம்பாப்வேயின் மராங்கேயில் 2008இல் வைரம் தோண்டிய ஏழைகளைச் சுட்டது அரசாங்கப் படை. அந்த வரையறைக்குள் அது அடங்கவில்லை. மாணிக்கமும் நீலமும் அந்தச் சட்டத்துக்குள் வருவதேயில்லை. சூரத்தில் பட்டை தீட்டி மோதிரத்தில் பதித்துவிட்டால், பார்த்த பார்வையில் கல்லின் ஊரைச் சொல்ல எவராலும் முடியாது.

ஆகவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளே, கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எந்த நாட்டுக் கல், யாரிடம் வாங்கினீர்கள், எழுதித் தருவீர்களா? மழுப்பினால் வேறு கடைக்குப் போங்கள். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அம்மம்மாவிடம், அந்த வைப்பகங்களில் வைத்த நகைக்குப் பழைய பற்றுச்சீட்டு ஏதும் பெட்டிக்குள் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் படம் எடுத்து வையுங்கள், ஒருவரையும் எறிய விடாதீர்கள்.