மில்லியன் டாலரை மறுத்த குத்துச்சண்டை வீரர்

ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மும்முறை தங்கம் வென்றவர்கள் மூவரே. அங்கேரியின் லாஸ்லோ பாப், கியூபாவின் தியோபிலோ ஸ்டீவன்சன், அதே நாட்டின் பெலிக்ஸ் சவோன். இவர்களுள் ஸ்டீவன்சனைப் பற்றியே என் மாணவர்களிடம் அடிக்கடி பேசுகிறேன்.

1952ஆம் ஆண்டு கிழக்குக் கியூபாவின் புவர்ட்டோ பாட்ரே என்னும் ஊரில் அவர் பிறந்தார். 1971ஆம் ஆண்டு பான் அமெரிக்கப் போட்டியில் அமெரிக்காவின் டுவேன் பாபிக்கிடம் தோற்றார். மறு ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அதே பாபிக்கை மூன்றாம் சுற்றில் மும்முறை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது இருபது. நெடிய உருவம், இடக்கையால் எதிராளியைத் தொலைவிலேயே நிறுத்தி வைப்பார், அவசரப்படமாட்டார், தக்க தருணம் வாய்த்ததும் வலக்கை பாயும். 1976இல் மொன்றியலில் இறுதியாட்டத்திற்கு வந்த ருமேனியர் மிர்சியா சிமோன் இரண்டு சுற்றுகள் விலகி விலகியே தப்பித்தார். மூன்றாம் சுற்றில் அந்த வலக்கை பட்டதும் அவருடைய பயிற்றுநர்கள் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினர். 1980இல் மாஸ்கோவில் மூன்றாவது தங்கம்.

இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் முகம்மது அலியுடன் அவரை மோதவிடப் பெருந்தொகையுடன் காத்திருந்தனர். எண்பது இலட்சம் கியூப மக்களின் அன்புக்கு முன் ஒரு மில்லியன் டாலர் எம்மாத்திரம் என்று கேட்டு அவர் மறுத்துவிட்டார்.

இதனைக் கூறியபோது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், “அவர் ஏமாளியா, ஐயா?” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய தந்தை இரண்டு வேலை பார்ப்பவர்; பணத்தின் அருமை அவனுக்குத் தெரியும்.

தியாகம் என்ற ஒரே சொல்லில் அவனுக்கு விடை கூற என் மனம் ஒப்பவில்லை. புரட்சிக்குப் பின் கியூப அரசு தொழில்முறை விளையாட்டைத் தடை செய்திருந்தது. பணத்திற்காகச் சண்டையிட விரும்பியவர் தாய்நாட்டை விட்டே வெளியேற வேண்டும்; பெற்றோர், உற்றார், ஊர் அனைத்தையும் துறக்க வேண்டும். அத்தகைய நிலையில் ஒருவர் ‘வேண்டாம்’ என்பது முழு விருப்பமா என்று கேட்பது நியாயமே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. எத்தனையோ முறை வெளிநாடு சென்ற அவர், அத்தனை முறையும் திரும்பி வந்தார். அந்த மறுப்பு அவருடையதே என்பது என் கருத்து. இதையும் முன்னதையும் சேர்த்தே மாணவர்களிடம் கூறினேன். பெற்றோர் சிலருக்கு இது பிடிக்காமற் போகலாம். பாதிக் கதையைக் கூறுவது எனக்குப் பிடிக்காது.

அவர் இழந்தது பணம் மட்டுமன்று. 1984, 1988 ஒலிம்பிக் போட்டிகளைக் கியூபா புறக்கணித்ததால் நான்காம் தங்கத்திற்கான வாய்ப்பும் போயிற்று. 1986இல் அமெரிக்க மண்ணில், ரெனோ நகரில், மூன்றாம் முறையாக உலக வெற்றியாளரானார்; வயது முப்பத்து நான்கு. பிற்காலத்தில் ஹவானா வந்த அலியும் அவரும் நண்பர்களாயினர். 2012ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், அறுபதாவது வயதில், மாரடைப்பால் அந்நகரிலேயே காலமானார்.

இருவரும் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார் என்று என் மாணவர்கள் ஓய்வு நேரத்திலும் வாதிட்டனர். பெரும்பாலோர் ஸ்டீவன்சன் பக்கம். நான் அலி பக்கம். அமெச்சூர் ஆட்டம் மூன்றே சுற்றுகள். அக்காலத்து உலகப் பட்டச் சண்டையோ பதினைந்து.