ஆசாரியின் சாண்டரும் இரண்டு புஷ்களும்

எங்கள் தெருவில் மரவேலை செய்யும் ஆசாரி, போன மாதம் தன் பெல்ட் சாண்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். "சார், நீங்க பொன்மலையில ஃபிட்டரா இருந்தவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வருவதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்களாம். கல்யாண வீட்டு ஊஞ்சல் பலகை ஒன்று பாதியில் நிற்கிறது. புதுசு வாங்கினால் அந்தக் கூலி முழுக்க அதற்கே போய்விடும்.

பெல்ட் ஒரு பக்கமாகவே ஓடி ஓரம் கிழிகிறது என்பதுதான் புகார். முன் ரோலரின் திருகைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போயிருந்தார். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, பின்னால் இருக்கும் டிரைவ் ரோலரை விரலால் மேலும் கீழும் அசைத்தேன். கடகடவென்று ஆடியது. அது நேராக நிற்காதபோது முன்னால் எதைத் திருகி என்ன பயன்?

மூடியைத் திறந்து, பல் பெல்ட்டையும் கப்பியையும் எடுத்து, தண்டை உருவினேன். தண்டில் கீறல் இல்லை. மைக்ரோமீட்டரில் 10 மி.மீ. சரியாக நின்றது. தேய்ந்தது புஷ்தான். அதிலும் கப்பிப் பக்கத்துப் புஷ், பல் பெல்ட் இழுக்கும் திசையில் முட்டை வடிவமாகியிருந்தது. இவை வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தவை. நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். மரத்தூள் அதை உறிஞ்சிவிடும். உப்புத்தாளிலிருந்து உதிரும் மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

புஷ்ஷைச் சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது, அலுமினிய உடம்பு விரிசல் விடும். நீளமான போல்ட், நட், வாஷர், ஒரு துண்டுக் குழாய் இருந்தால் போதும். இறுக்க இறுக்க வழுக்கிக்கொண்டு வரும். லேத் பட்டறையில் கன்மெட்டலில் இரண்டு கடைந்து வாங்கினேன். கன்மெட்டல் தானாக எண்ணெய் வைத்துக்கொள்ளாது என்பதால் உள்ளே ஒரு காடியும் வெட்டச் சொன்னேன். அழுத்தி ஏற்றியதும் உள்துளை கொஞ்சம் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகுதான் ரீமர், அதுவும் இரண்டு புஷ்ஷிலும் ஒரே நேராகப் போகவேண்டும். எனக்கு 68 வயது. அந்த இடத்தில் கை நடுங்குமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. நடுங்கவில்லை.

சாயங்காலம் மாட்டி ஓட்டினோம். பெல்ட் நடுவிலேயே ஓடியது. ஆசாரி சுவிட்சை அணைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். லேத்துக்குக் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொன்னேன்.

"பையனை அனுப்பறேன் சார், கழட்டி மாட்டக் காட்டிக்கொடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன்.