மெல்லிய காற்றும் வேகமான கால்களும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

1968ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மெக்சிகோ நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் ஜிம் ஹைன்ஸ் என்னும் அமெரிக்க வீரர் 100 மீட்டர் தூரத்தை 9.95 விநாடியில் ஓடினார். மின்னணுக் கடிகாரம் பத்து விநாடிக்கும் குறைவாகக் காட்டிய முதல் ஓட்டம் அது. அதே போட்டியில் டாமி ஸ்மித் 200 மீட்டரை 19.83 விநாடியிலும், லீ எவன்ஸ் 400 மீட்டரை 43.86 விநாடியிலும் ஓடி முடித்தனர். நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதுவரை இருந்த உலக சாதனை 8.35 மீட்டர். ஒரே தாவலில் 55 சென்டிமீட்டர் முன்னேற்றம்! ஒரே ஊரில், ஒரே வாரத்தில் இத்தனை சாதனைகளா என்று உலகம் வியந்தது. வியப்பு அடங்கியதும் சந்தேகம் பிறந்தது.

சந்தேகத்துக்குக் காரணம் அந்த ஊரின் உயரம். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அங்கே காற்று மெலிந்திருக்கும். மெலிந்த காற்று ஓடுகிறவரை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே அந்த நேரங்கள் கால்கள் சம்பாதித்தவை அல்ல, மலை கொடுத்தவை என்பது சந்தேகப்படுவோர் வாதம்.

கல்லூரி அணியில் 200 மீட்டர் ஓடுகிறவன் என்ற முறையில் இந்த வாதம் என் காதிலும் விழுந்தது. ஒரு நாள் மாலைப் பயிற்சி முடிந்து மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர், "தம்பி, அதெல்லாம் மலைமேல ஓடின நேரம். கணக்குல சேர்க்கக் கூடாது" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே தீர்ப்பை நான் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா நான்காம் வகுப்போடு நின்றவர். கட்டணச் சலுகை, உதவித்தொகை, இலவசப் பேருந்துப் பயணம், அரசு விடுதிச் சாப்பாடு ஆகியவை இல்லாவிட்டால் இந்த மலரில் நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சமயம், ஊரில் வசதி படைத்த பெரியவர் ஒருவர் டீக்கடையில் வைத்து அப்பாவிடம், "உம் மவன் என்னப்பா பெருசா சாதிச்சுட்டான்? எல்லாம் சர்க்கார் குடுக்குது. இவ்வளவு சலுகை இருந்தா யாரு வேணும்னாலும் படிக்கலாம்" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். அன்றிரவு என்னிடம், "அவரு சொல்றது நெசமாப்பா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் மலைமேல் ஓடிய ஹைன்ஸின் வழக்கு எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாக இல்லை. எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் கொண்டு போனேன். "வாதாடுவதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்" என்றார். போட்டுப் பார்த்தேன்.

ஆய்வகச் சுவரில் தொங்கும் ஃபார்ட்டின் பாரமானியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடல் மட்டத்தில் அதன் பாதரசம் 760 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். மெக்சிகோ நகரில் ஏறக்குறைய 580 தான் நிற்கும். அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு. ஓடுகிறவரைக் காற்று தடுக்கும் விசை இரண்டைப் பொறுத்தது. ஒன்று காற்றின் அடர்த்தி. மற்றொன்று, காற்றைக் கிழித்துக்கொண்டு அவர் போகும் வேகத்தின் வர்க்கம்.

ஒருவர் கடற்கரை ஊர் ஒன்றில், காற்றே வீசாத நாளில், விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். அவரைத் தடுக்கும் விசையை 100 என்று வைத்துக்கொள்வோம். அவரே காற்று வீசாத மெக்சிகோவில் ஓடினால் தடை 80. இருபது பங்கு சலுகை. ஒப்புக்கொள்கிறேன். இப்போது அதே கடற்கரை ஊரில் அவர் முதுகுப் பக்கமிருந்து விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று வீசட்டும். அவர் காற்றைக் கிழிக்கும் வேகம் எட்டாகக் குறைகிறது. பத்தின் வர்க்கம் 100, எட்டின் வர்க்கம் 64. ஆகத் தடை வெறும் 64!

விநாடிக்கு 2 மீட்டர் வரை பின்காற்று இருந்தால் சாதனை செல்லும் என்பது தடகள விதி. அதை யாரும் குறை சொல்வதில்லை. ஹைன்ஸ் ஓடியபோது பின்காற்று 0.3 மீட்டர் மட்டுமே. மலையின் சலுகையையும் இந்தச் சிறு காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருக்கு இருந்த தடை 75. விதி அனுமதிக்கும் பின்காற்றோடு சமவெளியில் ஓடுகிறவருக்கு 64. யாருக்குச் சலுகை அதிகம், நண்பர்களே? அந்தச் சலுகையும் எவ்வளவு? ஓட்டக்காரரின் உழைப்பில் காற்றை எதிர்ப்பதற்குச் செலவாவது சிறு பகுதிதான். அதனால் மெக்சிகோவின் காற்று 100 மீட்டரில் மிச்சப்படுத்தித் தருவது விநாடியில் நூறில் ஏழெட்டுப் பங்கு அளவே.

மலையும் காற்றும் சேர்ந்தே உதவிய ஓட்டங்களும் உண்டு. 1983 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில், ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில், கால்வின் ஸ்மித் 9.93 விநாடியில் ஓடி ஹைன்ஸின் சாதனையை முறியடித்தார். பின்காற்று 1.4. என் கணக்குப்படி அவருக்கு இருந்த தடை 59. இங்கே சந்தேகம் எழுவது இயல்பே. ஆனால் அவர் பதிலைக் காலாலேயே சொன்னார். அடுத்த மாதம் சூரிக் நகரில், அவ்வளவு உயரம் இல்லாத தடத்தில், ஒரே மாலையில் 100 மீட்டரை 9.97 விநாடியிலும் 200 மீட்டரை 19.99 விநாடியிலும் ஓடினார்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இத்தாலியின் பியத்ரோ மென்னியா. கடலோர ஊரான பர்லெட்டாவில் ஒரு தையல்காரருக்கு மகனாகப் பிறந்தவர். 1979 செப்டம்பர் 12 அன்று, உலகப் பல்கலைக்கழக மாணவர் விளையாட்டுப் போட்டியில், அதே மெக்சிகோ நகரில் 200 மீட்டரை 19.72 விநாடியில் ஓடினார். நம்மைப் போல ஒரு மாணவராகவே அந்தத் தடத்தில் நின்றார் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பின்காற்று 1.8. மலையும் உதவியது, காற்றும் உதவியது. அந்தச் சாதனை 1996 வரை நின்றது. சந்தேகமும் கூடவே நின்றது. ஆனால் மென்னியா 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் தம் சொந்த ஊரான பர்லெட்டாவில், கடற்காற்றில், 19.96 விநாடியில் ஓடினார். 19.72க்கும் 19.96க்கும் இடையில் மலைக்கு ஒரு பங்கு இருக்கலாம். அந்த 19.96 யாருடையது? முழுக்க முழுக்க அவருடையது அல்லவா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மெலிந்த காற்று எல்லோருக்கும் கொடுப்பதில்லை, பறிக்கவும் செய்கிறது. உதகைக்குச் சுற்றுலா போனபோது நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியவர்களுக்கு இது தெரியும். மெக்சிகோவில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமு எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி. அந்தத் தூரத்தை 1965இல் 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். கிளார்க்கின் தோல்வியை மலையின் கணக்கில் எழுதுகிறவர்கள், ஹைன்ஸின் பக்கத்துத் தடங்களில் ஓடிய ஏழு பேரும் அதே காற்றில்தான் ஓடினார்கள் என்பதை ஏன் எழுதுவதில்லை?

அப்படியானால் சந்தேகமே கூடாதா? கூடும். ஆனால் அதற்கு உரிய இடம் வேறு. 1995இல் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில், 2,000 மீட்டருக்கு மேல் உள்ள செஸ்ட்ரியேரேயில், கியூபாவின் இவான் பெத்ரோசோ 8.96 மீட்டர் தாண்டினார். மைக் பவல் 1991இல் படைத்த உலக சாதனையைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம். காற்றுமானி 1.2 என்று காட்டியது. ஆனால் அவர் தாண்டியபோது காற்றுமானிக்கு முன்னால் ஒருவர் காற்றை மறைத்து நின்றது தெரிய வந்தது. சாதனை ஏற்கப்படவில்லை. அங்கே மலை குற்றவாளி அல்ல. அளவுகோலை மறைத்ததுதான் குற்றம். சலுகை வெளியே தெரியும்போது அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மறைத்த சலுகையை எப்படிக் கழிப்பது?

தடகளத்தார் இதற்கு ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஓடிய நேரத்துக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து 'ஏ' ஒன்றைப் போடுகிறார்கள். பின்காற்று எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறார்கள். மலையும் தெரிகிறது, காற்றும் தெரிகிறது. பிறகு யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம்.

நம் ஊர்களில்தான் இந்த நேர்மை இல்லை. எனக்குக் கிடைத்த உதவித்தொகைக்கும் விடுதிச் சோற்றுக்கும் 'ஏ' போட ஆள் இருக்கிறது. வீட்டிலேயே பாடம் சொல்லித் தரப் படித்த பெற்றோர், மாலையில் டியூஷன், மேசை நிறையப் புத்தகம், தேர்வுக் காலத்தில் வயல் வேலைக்குப் போக வேண்டாத வாழ்க்கை என்று முதுகில் வீசிய காற்றை யாரும் அளந்து எழுதுவதில்லை. அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் செய்வதுதானே அது? இரண்டையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். உதவி என்பது யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது அல்ல. எதிரே நின்ற தடையில் ஒரு பங்கு குறைந்தது, அவ்வளவே. மிச்சத் தடையைக் கிழித்து ஓடியது என் கால்கள். அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: "பாதி நெசம்ப்பா. மீதியை அவர் சொல்லலை."

அந்த மெக்சிகோ நேரங்களையும் தூரத்தையும் பிறகு சமவெளியிலும் வீரர்கள் மிஞ்சினார்கள். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். மலைதான் ஓடியது என்றால் சமவெளி அதை வென்றிருக்க முடியாது. ஆயினும் பீமனின் 8.90 மீட்டர் இன்றும் ஒலிம்பிக் சாதனையாக நிற்கிறது.

சலுகை பெற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மென்னியா தம் ஊர்க் கடற்கரையில் ஓடிக் காட்டியது போல நாமும் ஓடிக் காட்ட வேண்டும். வருகிற பல்கலைக்கழகத் தேர்வில் வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. அங்கே மலையும் இல்லை, பின்காற்றும் இல்லை. அந்தத் தடத்தில் நாம் எடுக்கும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எந்த எழுத்தும் போட வேண்டியிருக்காது.