சிவகாமியின் முகம்

ஸ்மிதா பாட்டீல் 1986 டிசம்பர் 13 அன்று பம்பாயில் காலமானபோது அவருக்கு வயது 31. முதல் குழந்தை பிறந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. பிரசவத்துக்குப் பின் நேர்ந்த சிக்கல்கள் அவரைக் கொண்டுபோயின. அப்போது எனக்கு 11 வயது. அவர் யாரென்றே தெரியாது. அவருடைய ரசிகனாக நான் ஆனபோது அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. அடுத்த படம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பேறு வாய்க்காத ரசிகன் நான். எனக்குக் கிடைத்தவை அனைத்தும் முடிந்துபோன படங்களே.

ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷன் மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பிவந்த காலம் அது. 1991இல் ஒருநாள் ஜி. அரவிந்தனின் ‘சிதம்பரம்’ ஒளிபரப்பாயிற்று. சி. வி. ஸ்ரீராமனின் சிறுகதையைத் தழுவி 1985இல் எடுக்கப்பட்ட மலையாளப் படம். மாயூரத்தில் வளர்ந்த எங்களுக்குச் சிதம்பரம் பக்கத்து ஊர். பெயரைக் கேட்டதுமே அம்மாவும் சமையலறை வேலையைப் போட்டுவிட்டு வந்து அமர்ந்துகொண்டார்.

மலையில் ஒரு மாட்டுப்பண்ணை. அங்கே வேலை செய்யும் முனியாண்டி, தமிழகக் கிராமம் ஒன்றிலிருந்து சிவகாமியை மணமுடித்து அழைத்து வருகிறான். பண்ணை அலுவலகத்தில் பணியாற்றும் சங்கரன் மெல்ல அவள்பால் ஈர்க்கப்படுகிறான். அதை அறிந்த முனியாண்டி தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். குற்றவுணர்வு துரத்த எங்கெங்கோ அலையும் சங்கரன், கடைசியில் சிதம்பரம் கோயிலுக்கு வருகிறான். வாசலில் செருப்புகளைக் காத்தபடி ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். காசு கொடுக்கும்போது அவள் நிமிர்கிறாள். சிவகாமி.

மலையையும் பூக்களையும் கண் விரிய நோக்கி நின்ற அதே முகம்தான். ஆனால் வாழ்க்கை அதைத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தது. அந்தக் கண்களில் குற்றச்சாட்டு இல்லை, மன்னிப்பும் இல்லை. காமிரா அங்கிருந்து விலகிக் கோபுரத்தின்மேல் ஏறிச் செல்கிறது.

“இது எந்த ஊர்ப் பொண்ணுடா? நம்ம பக்கத்துப் பொண்ணு மாதிரியே இருக்கே” என்றார் அம்மா. மராத்திப் பெண் என்றேன். பத்திரிகை ஒன்றில் படித்ததை நினைவுகூர்ந்து, பிரசவத்தில் இறந்துவிட்டார் என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் தங்கையும் அப்படித்தான் போனாள். நான் பிறப்பதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 24ஆவது வயதில். சித்தியின் நினைவாக எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அதிலும் தலை கவிழ்ந்திருப்பதால் முகம் சரியாகத் தெரியாது.

வெகுநேரம் கழித்து அம்மா தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார்: “அந்தப் படத்துல வர்ற மாதிரி செருப்புக் காத்துக்கிட்டாவது எங்கேயாவது உக்காந்திருக்கலாம். இருந்தா போதும்.”

அதன் பிறகு ஸ்மிதா நடித்த படங்களைத் தேடத் தொடங்கினேன். திரைப்படச் சங்கங்களின் திரையிடல்கள், தேய்ந்த வீடியோ கேசட்டுகள், பின்னர் குறுந்தகடுகள். பம்பாய்த் தூர்தர்ஷனில் மராத்திச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். ஜீன்ஸின்மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு செய்தி வாசிக்க அமர்வார் என்பது பலரும் சொல்லும் கதை. அவரைத் திரைக்கு அழைத்துவந்தவர் ஷியாம் பெனகல். குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து உருவான ‘மந்தன்’ (1976) படத்தில் அவர் பிந்து என்னும் கிராமத்துப் பெண். ஜப்பார் படேலின் ‘உம்பர்டா’வில் (1982) குடும்பத்தைப் பிரிந்து, பெண்கள் விடுதியை நிர்வகிக்கச் செல்லும் சுலபா. ‘பூமிகா’வும் ‘சக்ரா’வும் அவருக்குத் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தன. ‘நமக் ஹலால்’ போன்ற வணிகப் படங்களிலும் அவர் நடித்ததை மறைப்பதற்கில்லை. அவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தேன். ரசிகன் என்றால் அப்படித்தான்.

‘பூமிகா’வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திகைப்பு. ஹன்சா வாட்கரின் தன்வரலாற்றிலிருந்து பிறந்த அப்படத்தில், ஒரு நடிகையின் வாழ்வை இளமையிலிருந்து, மகள் வளர்ந்து பெரியவளாகும் காலம் வரை ஸ்மிதா நடித்துக் காட்டுகிறார். படம் வெளிவந்த 1977இல் அவருக்கு 22 வயது. தான் வாழப்போகாத நடுவயதை அவர் முன்னதாகவே நடித்து முடித்துவிட்டார்.

இளமையில் இறந்த கலைஞர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்றுண்டு: அவர்களுக்கு மூப்பில்லை, என்றும் இளமையாகவே நம் நினைவில் நிற்பார்கள். நானும் நண்பர்களிடம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். 2006இல் எனக்கு 31 வயதானது. அந்த ஓராண்டு நானும் அவரும் சமவயதினர். அடுத்த ஆண்டு அவரைக் கடந்தேன். அப்போதுதான் அந்த ஆறுதல் எவ்வளவு பொய்யானது என்று புரிந்தது. 31 வயதில் எதுவுமே முடிந்திருக்கவில்லை. அவர் இறந்தபின் 1987இல் வெளியான ‘மிர்ச் மசாலா’வின் இறுதியில், மிளகாய்த் தூள் புழுதியாய் எழும்ப, கையில் அரிவாளுடன் சோன்பாய் நிற்கிறாள். அது ஒரு கலைவாழ்வின் முடிவுபோல இல்லை. இனிமேல்தான் எல்லாம் என்று சொல்வதுபோல் இருக்கிறது.

2024இல் ‘மந்தன்’ படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதி கான் திரைவிழாவில் திரையிடப்பட்டது. அவர் பெற்ற இரண்டு வாரக் குழந்தை, நடிகர் பிரதீக்காக வளர்ந்து அங்கே வந்திருந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருந்திருந்தால் ஸ்மிதாவுக்கு 68 வயது. நரைத்த தலையும் கண்ணாடியுமாக மகனருகே நிற்கும் ஒரு பெண்மணியைக் கற்பனை செய்ய முயன்றேன். இயலவில்லை. எனக்குக் கிட்டியது சிதம்பரம் கோயில் வாசலில் நிமிர்ந்த அந்த முகம் மட்டுமே. அதுவே அவருடைய முதுமையாக என்னிடம் எஞ்சியிருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் செருப்புப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசாமல் உள்ளே போகமாட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சாப்பிட்டாயிற்றா. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கும். 2014இல் அம்மாவும் போய்விட்டார்.

சென்ற ஆண்டு தனியாகச் சிதம்பரம் சென்றிருந்தேன். செருப்பைக் கழற்றிக் கொடுத்தபோது, என்னையறியாமல் அந்தப் பெண்மணியின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. எழுபது வயதிருக்கலாம். வெற்றிலைக் காவியேறிய பற்கள்.

“என்ன சார், தெரிஞ்சவங்க மாதிரி இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லம்மா” என்றேன். பிறகு, “சாப்டாச்சா?” என்று கேட்டேன்.