உத்திரத்து ராத்திரி

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினாலே எனக்குத் தேரிக்காட்டு நினைப்பு வந்துவிடும். திருச்செந்தூர் பக்கம் மேலப்புதுக்குடியில் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார்தான் எங்கள் குலசாமி. நெல்லைச் சீமைக்காரர்கள் எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போய்விட வேண்டும். நாங்கள் முதல் நாளே அரிசி, வெண்கலப் பானை, பாய், போர்வையோடு கிளம்பிவிடுவோம்.

பெரியவர்களுக்கு அங்கே ஆயிரம் வேலை. அடுப்புக் கூட்ட வேண்டும், பொங்கல் விட வேண்டும், பங்காளிகளோடு பழைய சண்டையைத் தொடர வேண்டும். எங்களை யார் பார்த்தார்கள்? சிவந்து கிடக்கும் மணல் மேட்டில் ஏறி உருளுவோம். கொல்லாம்பழச் சாறு சட்டையில் பட்டால் அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. மதியத்தில் மணல் கொதிக்கும். பனைக்குப் பனை தாவி ஓடுவோம். பனை நிழலில் ஒரு ஆள்தான் நிற்க முடியும் என்பதால் அதற்கும் தள்ளுமுள்ளு.

தாத்தா நுங்கு சீவும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். "ஏலே, முதல்ல தின்னு, பொறவு வண்டி செய்யலாம்" என்பார். தோண்டித் தின்ற காய்கள் இரண்டு, நடுவே செருக ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. இரண்டு காயும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். மணலில் அது ஓடவும் ஓடாது. கெட்டித் தரை பார்த்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ராத்திரி நிலா வெளிச்சமே போதும். மணலில் பாய் விரித்து வரிசையாகப் படுப்போம். சித்தி பேய்க்கதை சொல்லுவாள், பாதியில் அவளே தூங்கிப்போவாள்.

இப்போது கார் கோயில் பக்கம் வரை போகிறது. காலையில் போய்ப் பொங்கல் வைத்து மதியமே திரும்பிவிடுகிறார்கள். நான் சென்னையில், ஞாயிற்றுக்கிழமை மாலை மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். சறுக்குமரத்தடியில் நின்று கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்க்கிறேன். எங்கள் அப்பாவுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? உத்திரம் வருவதே முழுப் பரீட்சை நேரத்தில்தான். அவர் அதையும் கண்டுகொண்டதாக நினைவில்லை.

இந்த வருஷம் உத்திரத்துக்கு மறுநாள் மகளுக்குக் கணக்குப் பரீட்சை. ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாமா என்று வீட்டில் கேட்டேன். கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.