கிளட்ச் இல்லாத கார் யாருக்கு?



போன மாதச் சுவர் இதழில் கார்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுதியவன் என் வகுப்புதான். பெயரைச் சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் தெரியும். நல்லாத்தான் எழுதியிருந்தான். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஃபெராரி படமும் போட்டிருந்தான். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான். “கிளட்ச் மிதித்து கியர் போட்டு ஓட்டுவதுதான் உண்மையான ரேஸ் கார். ஆட்டோமேட்டிக் எல்லாம் பொம்பளைங்களுக்கும் கால் முடியாதவங்களுக்கும்தான்.”

நான் பொம்பளைப் பிள்ளை. எங்கப்பா கால் முடியாதவர். அதனால் பதில் எழுத எனக்குத்தான் முதல் உரிமை என்று தமிழம்மாவிடம் கேட்டேன். “ஒரு பக்கம் தரேன், சண்டை இல்லாம எழுதோணும்” என்றார். சண்டை இல்லாமல்தான் எழுதுகிறேன்.

எங்கப்பா இருபது வருஷம் லாரி ஓட்டினவர். பத்துச் சக்கர வண்டி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வண்டி ஊருக்கு வந்தால் கோயில் பக்கம் காலி இடத்தில்தான் நிற்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைப்பார். என் கால் கிளட்சுக்கு எட்டாது. அப்பா பக்கத்தில் நின்றபடி கிளட்சை மிதிப்பார், நான் இரண்டு கையாலும் கியர் ராடைப் பிடித்து இழுப்பேன். “ஒண்ணு... நியூட்ரல்... ரெண்டு” என்று சொல்லிக் கொடுப்பார். “வண்டி சத்தத்தைக் கேட்டுத்தான் கியர் போடோணும் கண்ணு, மீட்டரைப் பார்த்து இல்ல” என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னாடி தார்ப்பாய் கட்டும்போது லோடு மேலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார். இடது முட்டி. ஆபரேஷன் ஆச்சு. இப்போது நடப்பார், எக்ஸெல் வண்டி ஓட்டுவார். ஆனால் லாரி கிளட்சை நாள் முழுக்க மிதிக்க முடியாது. மிதித்தால் ராத்திரி முட்டி வீங்கிக்கொள்ளும். (இன்னொன்று. அந்த எக்ஸெல்லுக்கு கியரும் கிடையாது, கிளட்சும் பிடிக்க வேண்டியதில்லை. கட்டுரை எழுதியவன் வீட்டிலும் அதே வண்டிதான் நிற்கிறது. அதைப் பொம்பளை வண்டி என்று அவங்கப்பாவிடம் சொல்லிப் பார்க்கட்டும்.)

போன வருஷம் காலாண்டு பரீட்சை சமயத்தில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தன் காருக்கு டிரைவர் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஆட்டோமேட்டிக் கார். இடது காலுக்கு வேலையே இல்லை. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். “இருபது வருஷம் லாரி ஓட்டினவன் பொம்மைக் காரு ஓட்டறான்னு டீக்கடையில சிரிப்பாங்க” என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் பனியன் கம்பெனிக்கு ஓவர்டைம் போனார்.

அந்த லீவுக்குத்தான் நான் செட்டிபாளையத்தில் மாமா வீட்டுக்குப் போனேன். மாமா மெக்கானிக். அங்கே கரி மோட்டார் ஸ்பீட்வே என்று ரேஸ் டிராக் இருக்கிறது. நான் போன நேரம் ரேஸ் நடந்தது, மாமா கூட்டிப் போனார். வளைவு வரும்போது சத்தம் இறங்கி இறங்கி வரும், திரும்பினதும் ஏறும். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் எத்தனை கியர் மாற்றினார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அப்பா சொல்லிக் கொடுத்தது அங்கே உதவியது.

“மாமா, பெரிய ரேஸ்காரங்க எல்லாரும் கிளட்ச் மிதிச்சுத்தான் ஓட்டுவாங்களா?” என்று கேட்டேன். மாமா சிரித்தார். “ஃபார்முலா ஒன் காருல கிளட்ச் பெடலே கிடையாது அம்மிணி” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாமா ஃபோனில் வீடியோ காட்டினார், பழைய கார் புத்தகங்களும் கொடுத்தார். அந்த லீவு முழுக்க அதைத்தான் படித்தேன். (கணக்கு வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காரணம் இதுதான் சார், மன்னிக்கவும்.)

1989-ல் பிரேசில் நாட்டில் ரேஸ். ஃபெராரி கம்பெனி 640 என்று ஒரு புதுக் கார் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட். அதில் கியர் ராட் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கரண்டி மாதிரி இரண்டு பட்டை. வலது பட்டையை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். புறப்படும்போது கிளட்ச் வேண்டும், ஓட ஆரம்பித்த பிறகு கிளட்சை மெஷினே பார்த்துக்கொள்ளும். சோதனை ஓட்டத்தில் அது அடிக்கடி நின்றுபோனதால் முடிவு வரை ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை. ஓட்டியவர் நைஜல் மேன்செல். நடுவில் ஸ்டியரிங்கே லூஸாகி, பிட்டுக்கு வந்து வேறு ஸ்டியரிங் மாட்டிக்கொண்டு போனார். அப்படியும் அவர்தான் ஜெயித்தார்! அடுத்த சில ரேஸ்களில் அந்தக் கார் பழுதாகி நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சில வருஷங்களில் மற்ற எல்லா அணிகளும் அதே மாதிரி மாறிவிட்டன. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் சேர்ந்து இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரர் ஆனாரே, அவர் ஓட்டியதும் அப்படிப்பட்ட கார்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது முழு ஆட்டோமேட்டிக் இல்லை. எப்போது மாற்ற வேண்டும் என்று டிரைவர்தான் முடிவு செய்ய வேண்டும், தானாகவே மாறும் கியருக்கு இன்றைய ஃபார்முலா ஒன் விதியில் அனுமதி கிடையாது. கால் வேலைதான் போய்விட்டது, மூளை வேலை போகவில்லை.

ஏன் மாற்றினார்கள்? கிளட்சை மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். கியர் போட்டுக் காலை எடுக்கும்வரை இழுவை இல்லை. லாரியில் ஏத்தத்தில் கியர் மாற்றும்போது வண்டி ஒரு நிமிஷம் சோர்ந்து போகுமே, அதுதான். ரேஸில் அந்தக் கொஞ்ச நேரமும் நஷ்டம்.

இப்போது வரும் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டு கிளட்ச் உண்டு. 1, 3, 5, 7 கியர்கள் ஒரு கிளட்சோடு. 2, 4, 6 கியர்கள் இன்னொன்றோடு. வண்டி மூன்றாவது கியரில் ஓடும்போதே நாலாவது கியர் விழுந்து தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட விட மற்றது பிடித்துக்கொள்ளும். நம் ஸ்போர்ட்ஸ் டேயில் ரிலே ஓடுகிறவர்கள் குச்சி வாங்குவதற்கு முன்பே ஓட ஆரம்பிப்பார்கள் இல்லையா, அதே மாதிரி. யாரும் நின்று வாங்குவதில்லை.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பீர்கள். போர்ஷே கம்பெனியின் 911 ஜிடி3 என்ற காரை 2021-ல் இரண்டு வகையிலும் விட்டார்கள். இரண்டு கிளட்ச் உள்ளது நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் எடுக்க 3.4 விநாடி. கையால் கியர் போடுவது 3.9 விநாடி. அரை விநாடி. நம் 100 மீட்டர் ஓட்டத்தில் அரை விநாடி பிந்தினால் என்ன ஆகும் என்று பி.டி. சாரைக் கேளுங்கள்.

ஆனால் அதே காரில் வேறு ஒன்றும் பார்த்தேன். கையால் கியர் போடுவது 17 கிலோ எடை குறைவு. கடைசி வேகம் அதற்குத்தான் 2 கிலோமீட்டர் அதிகம், 320. இதை மறைத்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மறைக்கவில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அவன் எழுதியதில் பாதி சரி. 2013-ல் ஜிடி3 காரை கிளட்ச் பெடல் இல்லாமல் மட்டும்தான் விற்றார்கள். வேகம் கூடியும் நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள். 2016-ல் 911 ஆர் என்று கையால் கியர் போடும் கார் 991 மட்டும் செய்தார்கள். அதை அவ்வளவு விரும்பி வாங்கினார்கள், 2017-ல் ஜிடி3-யிலும் கை கியர் திரும்பி வந்துவிட்டது. டொயோட்டா சுப்ரா 2019-ல் ஆட்டோமேட்டிக்காக மட்டும் வந்து, 2022-ல் கை கியரோடும் வந்தது. மெதுவானது என்று தெரிந்தே கேட்கிறார்கள். எனக்கு இது முதலில் புரியவில்லை. பிறகு அப்பா பக்கத்தில் நின்று கிளட்ச் மிதித்ததும், அந்த ராட் “கடக்” என்று விழுந்ததும் ஞாபகம் வந்தது. அந்த “கடக்” கையில் தெரியும். நானும் பதினெட்டு வயசு ஆனதும் முதலில் கியர் வண்டிதான் கற்றுக்கொள்வேன். ஆனால் அது ஆசை. ஜெயிக்கிறவன் எதை ஓட்டுகிறான் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் ‘பொம்பளைங்களுக்கு’, ‘கால் முடியாதவங்களுக்கு’ என்று எழுத வருகிறது.

லீவு முடிந்து ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் மேன்செல் கதையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். “ரேஸ்காரனே கிளட்ச் மிதிக்கறதில்லையா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். படுக்கும்போது மூன்றாவது தடவையும் கேட்டார். எழுந்துபோய் ரஃப் நோட்டில் வரைந்து காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனார்.

அப்பா ஓட்டும் காரில் இரண்டு கிளட்ச் எல்லாம் இல்லை. சாதாரண கியர் பெட்டிதான், காலுக்குப் பதிலாக ஒரு மெஷின் கிளட்சை மிதிக்கிறது. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்ததே, அந்த வகை. கியர் மாறும்போது தலை ஒரு ஆட்டு ஆடும். முதல் வாரம் முழுக்க நிறுத்தும்போதெல்லாம் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிப் போனதாம். அப்பாவே சொல்லிச் சிரித்தார். டீக்கடையில் யாராவது சிரித்தார்களா என்று கேட்டேன். “ஒருத்தன் சிரிச்சான். மேன்செல்லைத் தெரியுமாடான்னு கேட்டேன். கம்முனு டீ குடிச்சான்” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் விட்டுவர வேண்டியிருந்தது. அவரே “பிள்ளையும் வரட்டும்” என்று சொல்லி என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். திரும்பி வரும்போது அவர் பின்னால் தூங்கிவிட்டார். சூலூர் தாண்டினதும் அப்பா மெதுவாக, “கண்ணை மூடு. இப்ப எத்தனாவது கியர், சொல்லு பாக்கலாம்” என்றார். சத்தத்தைக் கேட்டேன். “நாலு” என்றேன். “அஞ்சு” என்றார் அப்பா.

கண்ணைத் திறந்து மீட்டரில் பார்த்தோம். நாலு.

— 9-ஆம் வகுப்பு, ‘அ’ பிரிவு மாணவி