சங்கிலி சுமந்த பழி

கழுத்தில் கிடந்தால் நகை. காலில் கிடந்தால் விலங்கு. இவை இரண்டிலும் சேராத சங்கிலி ஒன்று உண்டு. எண்ணெயிலும் அழுக்கிலும் கிடந்து, ஓயாமல் இழுப்பதே அதற்கு வேலை. வாகனத்தின் சக்கரத்தைச் சுற்றுகிற சங்கிலியைச் சொல்கிறேன். அதன்மேல் ஒரு கொலைப் பழியே விழுந்து, பல ஆண்டுகள் நீங்காமல் இருந்தது.

மோட்டார் பந்தயத்தின் ஆரம்ப காலத்தில் பெரிய கார்கள் பலவற்றுக்குச் சங்கிலிதான் உயிர். நம் ஸைக்கிள் செயினுக்கு அதைத் தமையன் என்று சொல்லலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சங்கிலிகள் பின்சக்கரங்களை இழுக்கும். 1924-ல் மோன்ஸா பந்தயத்தில் உயிரிழந்த ஸ்பொரோவ்ஸ்கி பிரபு அப்படி ஒரு ராட்சதக் காரை விட்டுப் போயிருந்தார். இருபத்தேழு லிட்டர் விமான எஞ்சின் பூட்டிய கார். பாரி தாமஸ் என்ற எஞ்சினீயர் அதை 125 பவுனுக்கு வாங்கினார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலைக்கு உள்ளேயே குடியிருந்தவர். தாமே வடிவமைத்த பிஸ்டன்களைப் பொருத்தி, 'பாப்ஸ்' என்று செல்லப் பெயரும் வைத்தார். 1926 ஏப்ரலில் வேல்ஸ் நாட்டுப் பெண்டைன் கடற்கரையில் அது மணிக்கு 171 மைல் ஓடி, உலக ரிகார்டை ஏற்படுத்தியது.

அந்த வேகத்தைத் தாங்கும் சங்கிலியை எப்படிப் பேணுவார்கள்? எங்கள் தெருமுனை ஸைக்கிள் கடைக்காரரிடம் ஒருநாள், "செயின் ஏன் நீண்டுபோகிறது?" என்று கேட்டேன்.

"இரும்பு எங்கேயாவது நீளுமா, சார்? உள்ளே இருக்கிற ஆணி தேயுது. ஒரு கண்ணியிலே தேஞ்சா கண்ணுக்குத் தெரியாது. நூறு கண்ணியிலேயும் தேஞ்சது ஒண்ணாச் சேர்ந்தா, செயின் தொங்கிப் போயிடும்" என்றார்.

பந்தயக் காரின் சாஸ்திரமும் இதுவேதான். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலச வேண்டும். உருக்கிய கிரீஸில் ஊறப் போட்டால்தான் மசகு ஆணியின் இடுக்குவரை இறங்கும். வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தூசியை அதுவே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். கடற்கரையிலோ கேட்கவே வேண்டாம். மணலும் எண்ணெயும் கலந்தால் சாணைப் பசைதான். சங்கிலி தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்டினாலோ, பழைய பல் அதையும் சீக்கிரமே தன் வழிக்கு இழுத்துவிடும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற கையை எந்த ரிகார்டுப் புத்தகமும் குறித்து வைப்பதில்லை.

1927 பிப்ரவரியில் மால்கம் காம்ப்பெல் அதே கடற்கரையில் 174 மைலைத் தாண்டினார். இழந்ததை மீட்க மார்ச் 3-ஆம் தேதி தாமஸ் பாப்ஸில் ஏறினார். ஓட்டத்தின் நடுவே கார் உருண்டது. தாமஸ் மாண்டார். "சங்கிலி அறுந்து அவர் தலையில் அடித்துவிட்டது" என்று உலகம் பேசிற்று. காரை அந்த மணலிலேயே புதைத்தார்கள்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு, உலகம் ஏன் அப்படி நம்பியது என்று நன்றாகப் புரிகிறது. சாட்டைபோல் சுழன்று வருகிற சங்கிலி, எந்தக் கதைக்கும் ஏற்ற முடிவு. ஆனால் சங்கிலி அறுந்தது என்றால் அதைப் பேணிய கை தவறியது என்றுதானே பொருள்? இறந்தவரின் கவனத்தின்மீதும், அவருடன் இரவு பகலாக உழைத்தவர்கள்மீதும் அந்தப் பழி சேர்ந்து விழுகிறது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கவா முடியும்?

1969-ல் ஓவன் வின் ஓவன் என்ற எஞ்சினீயரிங் ஆசிரியர் பாப்ஸைத் தோண்டி எடுத்தார். பல ஆண்டுகள் உழைத்து அதை மறுபடி ஓடவும் வைத்தார். காரை ஆராய்ந்தபோது பழைய கதை நிற்கவில்லை. வலது பின்சக்கரம் உடைந்து கார் கவிழ்ந்ததே காரணமாக இருக்கும் என்பதுதான் இன்றைய கணிப்பு.

நாற்பத்திரண்டு வருஷம் மணலுக்கடியில் கிடந்த சாட்சி அது. அவ்வளவு காலமும் அதைப் பற்றிப் பேசியவர்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை.